தினாஹா: பாறையில் குடைந்த தாழி

அமெரிக்கத் தென்மேற்குப் பாலையின் வரைபடங்களில் அடிக்கடி தட்டுப்படும் சொல் 'தினாஹா'. ஆங்கில எழுத்தைப் பார்த்துத் 'தினாஜா' என்று எழுதிவிடுகிறோம். ஸ்பானிய மொழியில் அங்கே ஹகர ஒலிதான். தண்ணீரோ எண்ணெயோ மதுவோ ஊற்றிவைக்கும், வயிறு பெருத்த மண்சாடி என்பது நேர்ப்பொருள். தொட்டியைக் குறிக்கும் 'தினா'விலிருந்து கிளைத்தது, வேர் இலத்தீன்.

பாறைக்குழியில் மழைநீர் தேங்கி நின்றதைப் பார்த்த ஸ்பானியர், வீட்டுச் சாடியின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். பாலையில் மழை அபூர்வம். பெய்தாலோ, வறண்ட ஓடையில் வெள்ளம் சீறிவரும். அது உருட்டிவரும் மணலும் சரளையும் சுழன்று சுழன்று பாறையைக் குடையும். பள்ளத்தாக்கின் நிழலில் இருக்கும் குழியில் தண்ணீர் மாதக்கணக்கில்கூட நிற்கும். சுவர் வழுவழுப்பாக இருப்பதால், நீர்மட்டம் தாழ்ந்தபின் குடிக்க இறங்கிய விலங்கு ஏறமுடியாமல் உள்ளேயே சாவதும் உண்டு.

அரிசோனாவின் தினாஹாஸ் அல்தாஸ், அதாவது 'உயரத்துச் சாடிகள்', செங்குத்தான சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தவை. 1699-இல் பாதிரியார் கீனோ கடந்த 'பிசாசின் பாதை' இவ்வழியே போகிறது. கீழ்க்குழி வற்றியிருந்தால் அடுத்ததற்கு ஏறவேண்டும். ஏறத் தெம்பில்லாமல் அடிவாரத்திலேயே மாண்டவர்கள் உண்டு. வடக்கே, உட்டா மேட்டுநிலப் பாலையில் சாடி பையாகிவிட்டது: ஏறக்குறைய 160 கி.மீ. நீளும் பாறை மடிப்புக்கு இத்தகைய குழிகளால் வந்த பெயர் 'வாட்டர்பாக்கெட் ஃபோல்டு'.

தமிழில் என்ன சொல்வது? சட்டென நாவில் வருவது 'சுனை'. அழகான சொல்தான், ஆனால் அதில் ஊற்றின் சாயல் ஒட்டியிருக்கிறது. தினாஹாவுக்கு ஊற்றுக்கண் கிடையாது. வானம் கொடுத்ததே கணக்கு. ஊற்றென்று நம்பிப் போகிறவன் காய்ந்த குழியைப் பார்த்துத் திரும்பவேண்டியிருக்கும். வெறும் 'பாறைக்குழி' என்றால் தண்ணீர் நினைவுக்கே வராது. சாடிக்கு நேராக நம்மிடம் 'தாழி' இருக்கிறது. முதுமக்கள் தாழியிலும், வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த பழமொழியிலும் இன்னும் புழங்கும் சொல். ஆகவே 'பாறைத்தாழி' என்பதே என் தேர்வு.

சில இடங்களில் இதே குழிகளை ஆங்கிலத்தில் 'டேங்க்' என்பார்கள். டெக்சாஸின் 'வேக்கோ டேங்க்ஸ்' அப்படி வந்த பெயர். அதைத் 'தொட்டிகள்' என்று மொழிபெயர்த்தால் வாசகர் சிமெண்டுத் தொட்டியைத்தான் தேடுவார்.