தாள் உங்களுடையது, தபால் தலை அரசாங்கத்தினுடையது

1840-இல் பிரிட்டனில் வெளிவந்த, உலகின் முதல் ஒட்டும் தபால் தலையான பென்னி பிளாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தாளுக்குள் சின்னஞ்சிறு கிரீடம் ஒன்று தெரியும். மறு ஆண்டு பிரிட்டன் விற்ற தபால் உறைகளின் தாளுக்குள் பட்டு நூலே ஓடியது. கள்ளத் தலைகளைத் தடுக்கும் வேலையில் ஒரு பங்கைத் தாளும் சுமந்தது.

1855-இல் வந்த ஏற்பாடு இதை மாற்றியது. வணிக நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தாளைக் கொடுக்கலாம். தலையின் மதிப்பைக் கட்டிவிட்டால், லண்டன் சாமர்செட் ஹவுஸில் இருந்த வருவாய்த் துறையினர் அதிலேயே தபால் தலையை அச்சிட்டுத் தருவார்கள். கடையில் வாங்கிய தாளில் கிரீடமும் இல்லை, பட்டு நூலும் இல்லை. அப்படியானால் காவல் எங்கே? முழுக்க முழுக்க, தலையை அடிக்கும் எஃகு அச்சில்தான்.

அந்த அச்சில் விக்டோரியா அரசியின் தலை குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். மை அச்சின் சமதளத்தில் மட்டும் படியும், குழிக்குள் இறங்காது. தாளை அச்சுக்கும் எதிர் அச்சுக்கும் நடுவில் வைத்து அழுத்தும்போது, தாள் குழிக்குள் புகுந்து மேலெழும்புகிறது. வண்ணப் பின்னணியில் அரசியின் வெள்ளைத் தலை புடைத்து நிற்பது இதனால்தான். விரலால் தடவினாலே தெரிந்துவிடும். சாதாரண அச்சகத்துக்காரர் மை அச்சைப் போலச் செய்யலாம். இந்தப் புடைப்பை எடுக்க எஃகில் செதுக்கும் கைத்திறனும் கனமான எந்திரமும் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதிலுள்ள தேதி ஏற்பாடு. தபால் தலையின் அச்சில் சிறு துளைகள் இருந்தன. அவற்றில் நாள், மாதம், ஆண்டு பொறித்த குட்டி ஆணிகளைச் செருகுவார்கள். அச்சடித்த நாள் தபால் தலையிலேயே நின்றுவிடும். தேதி வேண்டாதபோது துளைகளைச் சிறு பூ வடிவங்கள் அடைத்தன.

மதிப்பு பெரிதானால் ஒரே தாளில் இரண்டு அச்சுகளை அருகருகே அடித்துக் கூட்டிக் கொள்வார்கள். உறையாக மடித்து ஒட்டியபின் அடித்தால் புடைப்பு பின்தாளிலும் பதியும்; ஆகவே விரித்த தாளே இதற்கு ஏற்றது.

நிறுவனங்களுக்கு இதில் இரட்டை ஆதாயம். ஆயிரக்கணக்கில் தலை ஒட்டும் வேலை மிச்சம். உறையிலேயே பதிந்த தலையை யாரும் உரித்துக்கொண்டு போகவும் முடியாது. 1870-இல் அரசு தபால் அட்டைகளை விற்கத் தொடங்கியதும் காகித வணிகர்கள் தங்கள் பிழைப்பு போகிறதென்று கொதித்தார்கள். 1872 முதல் அவர்களுடைய சொந்த அட்டைகளிலும் அரைப் பென்னித் தலை அடித்துத் தரப்பட்டது.