சீல்டு: முத்திரையா, உறையா?

1986 கிறிஸ்துமஸுக்குப் பரிசாகக் கொடுக்க என்று அமெரிக்காவில் ஒருவர் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வீடியோ கேம் ஒன்றை வாங்கினார். அது பிரிக்காமலே மேசை டிராயருக்குள் போனது, அப்படியே மறந்துபோனது. சுமார் 35 வருடம் கழித்து, 2021 ஏப்ரலில், டாலஸ் நகரத்தின் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் வழியாக அது 6,60,000 டாலருக்கு விலைபோனது. அதே விளையாட்டின் பெட்டியில்லாத கேட்ரிட்ஜை, அதாவது கருவியில் செருகி விளையாடும் வில்லையை மட்டும், சில பத்து டாலருக்கு வாங்கிவிடலாம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தாங்கி நிற்பது ஒரு சொல்: சீல்டு.

பழைய வீடியோ கேம் சேகரிப்பவர்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் சொல் இது. தமிழில் எழுத வரும்போது சிலர் ‘முத்திரையிடப்பட்ட’ என்று போடுகிறார்கள், சிலர் ‘சீல் பிரிக்காத’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சேகரிப்பு உலகம் எதற்காக இத்தனை தலையை உடைத்துக்கொள்கிறது என்பது தெளிவாகிவிடும்.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் ‘சிக்னும்’ என்றால் அடையாளம். அதன் சிறு வடிவம் ‘சிகில்லும்’, அதாவது சின்ன அடையாளம், மோதிரத்தில் செதுக்கியிருக்கும் சிற்றுருவம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘சீல்’ ஆனது. நாம் தெருமுனையில் நின்று பார்க்கும் சிக்னலும் இதே குடும்பம்தான். ஆக, சீல் என்பதன் வேரில் மூடுவது என்ற பொருளே கிடையாது. ‘இது இன்னாருடையது’ என்று காட்டும் அடையாளம், அவ்வளவுதான். கடிதத்தை மடித்து, மடிப்பின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி, அதில் மோதிரத்தை அழுத்தியபோதுதான் அடையாளமும் மூடலும் ஒரே இடத்தில் சேர்ந்தன. அப்புறம் மெல்ல மெல்ல அடையாளம் உதிர்ந்துபோய், இறுக மூடிய எதற்கும் சீல்டு என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது.

தமிழில் இந்த வேலைக்கு இருந்த பழைய சொல் பொறி. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சரக்குகளின்மேல் சோழர் புலிச் சின்னத்தைப் பொறித்து அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அது அடையாளம் மட்டும். மூடலும் சேர்ந்த பொறி அகநானூற்றின் 77ஆம் பாட்டில் இருக்கிறது. கயிற்றால் வாய் கட்டிய குடம், அதற்குள் ஓலைகள். அவற்றை எடுக்க வருகிற ஆவண மாக்கள், அதாவது ஓலை ஆவணங்களைக் கையாளுகிறவர்கள், ‘பொறி கண்டு அழிக்கும்’ வேலையைச் செய்கிறார்கள். முதலில் காண வேண்டும்: பொறி சரியாக இருக்கிறதா, யாராவது நடுவில் கைவைத்தார்களா? பிறகுதான் அழிக்க வேண்டும். அந்த மூன்று சொல்லில் சீலின் முழு வேலையும் அடங்கியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பின்னால் வந்த இலச்சினை, முத்திரை இரண்டும் வடமொழி வழி வந்தவை. முத்திரை நன்றாக ஊன்றிவிட்டது. பத்திரம் எழுத முத்திரைத்தாள், தராசையும் எடைக்கல்லையும் சோதிக்க முத்திரை ஆய்வாளர். இலங்கையில் முத்திரை என்றால் கடிதத்தில் ஒட்டும் தபால்தலையே.

இனி நம் பேச்சில் இருக்கும் சீலைப் பாருங்கள். அதன் பின்னால் வரும் வினைச்சொல்லைக் கவனித்தால் போதும். ஆபீஸில் ‘சீல் குத்துகிறோம்’; அது ரப்பர் ஸ்டாம்ப், வெறும் அடையாளம். அதிகாரிகள் கடைக்குச் ‘சீல் வைக்கிறார்கள்’. பூட்டின்மேல் துணி சுற்றி அரக்கு வைத்த காலத்திலிருந்து வரும் பேச்சு. தண்ணீர் பாட்டில் வாங்கினால் ‘சீல் உடைக்காமல் இருக்கா பாரு’ என்கிறோம். ஆனால் புது போன் பெட்டி என்றால் ‘சீல் பிரிக்காதது’. பொட்டலத்தைத்தான் பிரிப்போம், அரக்கைப் பிரிக்க முடியாது. ஆக, பேசுகிறவர்களின் நாக்கு ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது: இந்தச் சீல் முத்திரை வகை இல்லை, உறை வகை.

வீடியோ கேம் பெட்டிகளில் இரண்டு வகையும் உண்டு. நிண்டெண்டோ நிறுவனம் 1985 அக்டோபரில் நியூயார்க் வட்டாரத்தில் தன் என்.இ.எஸ். என்ற வீடியோ கேம் கருவியைச் சோதனை முறையில் விற்கத் தொடங்கியபோது, விளையாட்டுப் பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் உறை கிடையாது. அட்டைப் பெட்டியின் மூடி திறக்காமல் இருக்க நிண்டெண்டோ பெயர் போட்ட ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மூடுவதும் அதுதான், யார் மூடினார்கள் என்று சொல்வதும் அதுதான். இதைத் தயங்காமல் முத்திரை என்றே சொல்லலாம். அப்படி ஸ்டிக்கர் கிழியாத ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ பெட்டி ஒன்று 2019 பிப்ரவரியில் 1,00,150 டாலருக்கு விற்றது. கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினால் போய்விடும் காகிதத் துண்டு முப்பது வருடத்துக்கு மேல் தப்பிப் பிழைத்தது என்றால், அந்த விலையின் காரணம் புரியும்.

ஸ்டிக்கரை விட்டுவிட்டு நிண்டெண்டோ பிளாஸ்டிக் உறைக்கு மாறியது. மாறிய புதிதில் பெட்டிகளில் கடைக் கொக்கியில் தொங்கவிடும் அட்டைக் காது இன்னும் இருந்தது. பிறகு அதுவும் நின்றது. அதனால் பிளாஸ்டிக்குக்கு அடியில் காது தெரிந்தால் அது இடைக்காலப் பெட்டி என்று சேகரிப்பாளர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். 2020 ஜூலையில் 1,14,000 டாலருக்குப் போன மாரியோ அந்த ரகம்.

இங்கேதான் சிக்கல் வருகிறது. பிளாஸ்டிக் உறையில் யாருடைய பொறியும் இல்லை. தயாரிக்கும்போதே இழுத்து நீட்டி வைத்த படலம் அது. பெட்டியைச் சுற்றி ஓரத்தைச் சூட்டால் ஒட்டி, மேலே வெந்நீராவி போலச் சூடான காற்றைக் காட்டினால் சுருங்கி இறுகிக்கொள்ளும். நிண்டெண்டோவின் தொழிற்சாலையில் இருந்தது போன்ற இயந்திரம் ஊர்க் கடைக்காரரிடமும் இருக்கலாம். திரும்பி வந்த சரக்கை அவர் மறுபடி சுற்றியிருக்கலாம். ஏமாற்றுகிறவனும் அதையே செய்யலாம். பார்க்கக் குத்துமதிப்பாக எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

எனவே பொறி இல்லாத இடத்தில் உறையையே பொறியாக வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். என்.இ.எஸ். பெட்டியின் பின்பக்கம் ஒட்டுக்கோடுகள் ஆங்கில ஹெச் எழுத்துப் போல ஓடும். பிளேஸ்டேஷன் குறுந்தகட்டு விளையாட்டுகளில் முனைகளில் ஒய் வடிவ மடிப்பு. இந்த இரண்டாவதை நம்மில் பலர் விரலால் தடவியிருக்கிறோம். தொண்ணூறுகளில் வாங்கிப் பிரிக்காமலே போன ஒரு பாட்டு கேசட் என்னிடம் இருக்கிறது. அதன் குறுக்குப் பக்கத்தைத் திருப்பினால் கண்ணாடித்தாள் இரண்டு ஓரத்திலிருந்தும் முக்கோணமாக மடிந்து நடுவில் சேர்ந்து, ஒரு சின்ன மேடாக விரலில் தட்டுப்படும். ஒரு ஓரத்தில் தாள் லேசாக மஞ்சள் பிடித்திருக்கிறது, மடிப்பின் உள்ளே மட்டும் இன்னும் தெளிவாக இருக்கிறது. வயது அங்கேதான் தெரிகிறது. நேற்று சுற்றிய தாளில் உள்ளும் வெளியும் ஒரே மாதிரி இருக்கும்.

சுருங்கும் படலத்துக்கு இன்னொரு குணம், சில சமயம் அது சுருங்குவதை நிறுத்தாது. வருடக்கணக்கில் மெல்ல இறுகி அட்டையின் மூலைகளை நசுக்கிவிடும். காப்பாற்ற வந்த உறையே பெட்டியைக் கெடுக்கும்.

இப்படி வாசித்துத் தீர்ப்புச் சொல்வதை ஒரு தொழிலாக்கியவர்கள் கிரேடிங் நிறுவனங்கள். 2008 வாக்கில் வி.ஜி.ஏ. வந்தது, நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டது. பத்து ஆண்டு கழித்து வாட்டா வந்தது. அது பெட்டிக்குப் பத்துக்கு ஒரு எண்ணும், உறைக்குத் தனியாக ஓர் எழுத்தும் கொடுத்தது. எழுத்து சி-யில் தொடங்கி ஏ பிளஸ் பிளஸ் வரை போகும். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெட்டி வேறு, உறை வேறு என்று அவர்களுடைய அளவுகோலே பிரித்துக் காட்டுகிறது. நாமும் ஒரே ‘முத்திரை’க்குள் இரண்டையும் திணிக்கத் தேவையில்லை.

கிரேடு என்பதற்கு என்ன சொல்வது? லத்தீன் ‘கிரடுஸ்’ என்றால் படி, கால் வைத்து ஏறும் படி. தமிழில் தரம் நன்றாகப் பொருந்துகிறது. இலங்கைப் பள்ளிகளில் தரம் 5, தரம் 10 என்று வகுப்பையே அப்படித்தான் சொல்வார்கள், அதுவும் கிரேடுதான். வேலையின் பெயராகச் சிலர் ‘தரப்படுத்தல்’ என்று எழுதுகிறார்கள். அதை நான் தவிர்ப்பேன். ஈழத் தமிழருக்குத் தரப்படுத்தல் என்றால் 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவர்கள் பட்ட அடி. ஒரு தலைமுறையின் காயத்தைச் சுமக்கும் சொல்லைப் பொம்மைப் பெட்டிக்கு எடுத்துப் போட மனம் வரவில்லை. முட்டைக்கும் பருத்திக்கும் சொல்வதுபோலத் ‘தரம் பிரித்தல்’ என்றால் யாருக்கும் உறுத்தாது.

‘மதிப்பீடு’ என்றும் சொல்லக் கூடாது. அது விலைபேசும் சொல், தரம் விலை சொல்வதில்லை. 2021 ஜூலையில் இரண்டே நாள் இடைவெளியில் நடந்ததைப் பாருங்கள். ‘லெஜண்ட் ஆஃப் செல்டா’ 9.0 தரம், உறைக்கு ஏ. விலை 8,70,000 டாலர். ‘சூப்பர் மாரியோ 64’ 9.8 தரம், உறைக்கு ஏ பிளஸ் பிளஸ். விலை 15,60,000 டாலர். தரம் கூடினால் விலை கூடும் என்று இதிலிருந்து கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். அந்தச் செல்டா ஆரம்ப கால உற்பத்தி, கிடைப்பதற்கு மிக அரிது. அதே 9.0 வாங்கிய பிற்காலப் பெட்டிக்கு அந்த விலை கனவிலும் வராது.

தரம் பிரித்த பெட்டியைக் கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் அடைத்து, மேலே தரம் எழுதிய சீட்டை வைத்துத் தருவார்கள். திறந்தால் தடம் தெரியும். ஆங்கிலத்தில் ஸ்லாப் என்கிறார்கள். நமக்கு ஸ்லாப் என்றால் சமையலறை மேடையும் வாசல் சாக்கடை மூடியும்தான் நினைவுக்கு வரும். பேழை என்ற அருமையான சொல் சும்மா கிடக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். யார் மூடினார்கள் என்று பெயர் சொல்லி நிற்கும் பொறி இப்போது அந்தப் பேழையின்மேல்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது உறை, வெளியே இருப்பது முத்திரை.

இதன்படி ஒரு பெட்டியைத் தமிழில் விவரித்தால் இப்படி வரும்: ‘உறை பிரியாத பெட்டி. ஆலை உறை, மறு உறை இல்லை. பின்பக்கம் ஹெச் ஒட்டுக்கோடு சீராக உள்ளது. உறைக்கு அடியில் அட்டைக் காது முழுதாக உள்ளது. பெட்டித் தரம் 9.4, உறைத் தரம் ஏ பிளஸ். பேழை திறக்கப்படவில்லை.’ ஸ்டிக்கர் ஒட்டிய 1985 காலத்துப் பெட்டி என்றால் மட்டும் முதல் வரியை மாற்றி ‘முத்திரை அழியாத பெட்டி’ என்று எழுதுவேன்.