எத்தனை மாக் டெஸ்ட் எழுதினாய் என்று நான் கேட்பதில்லை

போன வருஷம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தாள். மெக்கானிக்கல் முடித்தவள், வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க ஜிஆர்இ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கையில் தடியாக ஒரு ஸ்பைரல் பைண்டிங். டெலிகிராமில் இறக்கிய பிடிஎஃப்களை ஜெராக்ஸ் போட்டு வைத்திருந்தாள், மொத்தம் 22 மாதிரித் தேர்வுகள். அதில் 14 எழுதி முடித்தாயிற்று, ஒவ்வொன்றும் மூன்றே முக்கால் மணி நேரம். “மூணாவது மணி நேரத்துல தலை சுத்துது சார், எனக்கு இது வராது போல” என்றாள்.

வாங்கிப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே இரண்டு கட்டுரைகள், இஷ்யூ ஒன்று, ஆர்கியுமென்ட் ஒன்று. ஆர்கியுமென்ட் கட்டுரையை 2023 செப்டம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது ஜிஆர்இ மொத்தமே 1 மணி 58 நிமிடம்தான். இல்லாத ஒரு தேர்வுக்காக அந்தப் பிள்ளை 14 நாள் உட்கார்ந்து தலைவலி வாங்கியிருக்கிறாள். அவளுடைய உழைப்பில் ஒரு குறையும் இல்லை, அவள் கைக்கு வந்த தாள்தான் பழசு.

புதுச்சேரியில் பல வருஷமாகப் பிள்ளைகளை இந்தத் தேர்வுகளுக்குத் தயார்படுத்துகிறேன், லாஸ்பேட்டையில் ஒரு மாடி அறை, பத்துப் பன்னிரண்டு நாற்காலி. வருகிறவர்களில் பாதிப்பேர் செய்கிற தவறு இதுதான்: எங்கே கிடைத்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள், எண்ணிக்கை ஏறினால் தைரியம் வந்துவிடுகிறது.

ஒரு மாதிரித் தேர்வு கைக்கு வந்ததும் முதலில் அதன் சட்டகத்தைப் பாருங்கள். ஜிஆர்இ என்றால் 30 நிமிடத்தில் ஒரே கட்டுரை. வெர்பல், அதாவது ஆங்கிலப் பகுதி, 18 நிமிடத்தில் 12 கேள்வி, அப்புறம் 23 நிமிடத்தில் 15. கணிதம் 21 நிமிடத்தில் 12, அப்புறம் 26 நிமிடத்தில் 15. இந்தக் கணக்கு பொருந்தவில்லை என்றால் அதை முழுத் தேர்வாக எழுதாதீர்கள், வேண்டுமானால் கேள்விகளை மட்டும் பிரித்துப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்பு கணிதத்தில் 40 கேள்வி, இப்போது 27. அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் கனம் கூடியிருக்கிறது, பழைய தாளில் இரண்டு தவறு விட்டால் ஆன சேதமும் இப்போது ஆகிற சேதமும் ஒன்றல்ல.

இன்னொன்று, பிடிஎஃப்பில் வரவே வராதது. ஜிஆர்இயின் வெர்பலிலும் கணிதத்திலும் முதல் பகுதியை எப்படி எழுதுகிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் இரண்டாம் பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும். அது கணினியில்தான் நடக்கும். தேர்வை நடத்துகிற இடிஎஸ் நிறுவனமே பவர்பிரெப் என்று இரண்டு முழுத் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது, அவை அப்படியே இயங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் காசு கட்டி வாங்கலாம். தேர்வுக் கட்டணம் 20,000 ரூபாயைத் தாண்டும்போது, இலவசமாகக் கிடைக்கிற இந்த இரண்டையும் பொன்போல வைத்துக் காக்க வேண்டாமா?

காக்காமல் விட்ட ஒரு பையனைச் சொல்கிறேன். கூடத்தில் டிவி ஓட, நடுவில் போன் பேச எழுந்து போய், முதல் பவர்பிரெப்பை ஒரு மாலையில் எழுதினான். மதிப்பெண் பிடிக்காமல் அதையே திரும்ப எழுதினான், மூன்றாம் முறையும். கணிதத்தில் 167 வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தேர்வு மையத்தில் 158தான். கேள்விகள் ஞாபகத்தில் இருந்ததால் ஏறிய மதிப்பெண் அது, அவன் ஏமாற்றவில்லை, அவனுக்கே தெரியவில்லை. அவன் அப்பா என் எதிரே உட்கார்ந்து அந்த இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்படியென்றால் மற்ற கம்பெனிகளின் தேர்வுகள் வேண்டாமா? வேண்டும், கைப்பழக்கத்துக்கு. உங்கள் தரத்தை அளக்க வேண்டாம். பலவற்றில் கணிதக் கேள்விகள் நீளமான பெருக்கல் வகுத்தலாக இருக்கும், அசல் தேர்வோ வேறு இடத்தில் கை வைக்கும். “ஓர் எண்ணும் அதன் வர்க்கமும், எது பெரிது?” என்று மட்டும் கேட்கும். பிள்ளைகள் 2, 3, 5 போட்டுப் பார்த்து வர்க்கம்தான் என்று அழுத்திவிடுவார்கள். அரை போட்டால் வர்க்கம் கால்தானே, எண்ணைவிடச் சிறிசு. 1 போட்டால் இரண்டும் சமம். தீர்மானிக்க முடியாது என்பதுதான் விடை. இந்தப் பழக்கம் இடிஎஸ் கேள்விகளில்தான் வரும்.

காலாப்பட்டிலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர சியுஇடி பிஜி நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இதே கதைதான். 2025இல் 90 நிமிடத்தில் 75 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு 1 கழியும். 100 கேள்வியோடு பொது ஆங்கிலமும் சேர்ந்த பழைய தாள்களை இன்னும் விற்கிறார்கள். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பழைய அசல் தாள்களே போதும், ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட விடையுள்ள கேள்விகள் 2021இல்தான் வந்தன, அதற்கு முந்தைய தாள்களில் அந்த வகை இருக்காது.

சரி, கடலூர்ப் பெண்ணுக்கு வருவோம். ஸ்பைரல் கட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். ஒரு ஞாயிறு காலை, போனை அணைத்து, முதல் பவர்பிரெப் எழுதினாள். அடுத்த நான்கு நாள் புதுத் தேர்வு எதுவும் இல்லை, தவறான ஒவ்வொரு கேள்விக்கும் 40 பக்க நோட்டில் ஒரு வரி: தெரியாததா, அவசரமா, கேள்வியைத் தப்பாகப் படித்ததா. தவறிய 19 கேள்விகளில் 11 அவசரம். தலை சுற்றல் என்று அவள் நினைத்ததில் பாதி அதுதான். இரண்டாவது பவர்பிரெப்பைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்புவரை தொடவிடவில்லை.

முதல் தேர்வை எழுதிவிட்டு என்னிடம் வருகிறவர்கள் மதிப்பெண் தாளைக் கொண்டுவர வேண்டாம். அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள்.