முதலில் அந்த டயரை வெளியே எடுங்கள்

எனக்குத் தொழில் பல் கட்டுவது. வெள்ளவத்தையில் சின்னதாக ஓர் ஆய்வுகூடம் வைத்திருக்கிறேன். அச்செடுப்பது, வார்ப்பது, மினுக்குவது என்று நாள் முழுக்கப் பிளாஸ்டிக்கோடு கிடப்பதால், பழைய மொடல் கார் கிட்களை (துண்டுகளை ஒட்டிச் செய்யும் சின்னப் பிளாஸ்டிக் கார்கள்) தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள். உடைந்த பம்பர், தொலைந்த ஹெட்லைட் வளையம், இப்படி ஏதாவது இருக்கும். "அண்ணை, இதையும் ஒருக்கா அச்செடுத்துத் தாங்கோ" என்பார்கள்.

போன மாதம் ஒரு தம்பி 1964 செவர்லே இம்பாலா காரின் கிட் ஒன்று கொண்டுவந்தார், அசலில் 25இல் ஒரு பங்கு அளவு. கப்பலில் வேலை செய்த அப்பா வாங்கி வந்ததாம். ஒட்டவே இல்லை, அலுமாரியின் மேல்தட்டில் அப்படியே இருந்திருக்கிறது. பெட்டியைத் திறந்தால் எல்லாம் புதிது போல. முன்கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்த பிறகுதான் தெரிந்தது. அதன் நடுவே டயரின் பள்ளம் பள்ளமான தடம், சூடு வைத்தது போல உள்ளே இறங்கியிருந்தது. அவருக்கு முகம் வாடிவிட்டது.

இது அடிக்கடி நடக்கிறது. அந்த டயர்கள் மென்மையான வினைல். வினைலை வளையச் செய்ய ஒருவகை எண்ணெய் கலப்பார்கள். வருடக்கணக்கில் அது கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பொலிஸ்டைரீனை, அதாவது கிட்டின் மற்றப் பாகங்களின் பிளாஸ்டிக்கை, இளக்கிவிடும். கொழும்புச் சூட்டில் அது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே உங்கள் வீட்டில் ஒட்டாத பழைய கிட் இருந்தால் இன்றிரவே திறந்து, டயர்களை எடுத்துத் தனி உறையில் போடுங்கள். கண்ணாடிப் பாகங்களை மெல்லிய தாளில் சுற்றுங்கள். ஐந்து நிமிட வேலை.

"திரும்பவும் அச்சடிக்கிறார்கள்தானே, புதிது வாங்கலாம்" என்பவர்கள் உண்டு. உண்மைதான், ரவுண்ட் 2 நிறுவனம் ஏஎம்டி, எம்பிசி என்ற பழைய அமெரிக்கக் கிட் கம்பனிகளின் பெயர்களில் பழைய அச்சுகளிலிருந்து நிறைய வார்த்து விற்கிறது. ஆனால் அந்தந்த வருடப் புதுக் கார்களுக்காக ஏஎம்டி 1958இல் தொடங்கிய வருடாந்தக் கிட்களில், ஒரு வருட அச்சையே வெட்டித் திருத்தி அடுத்த வருடக் கார் ஆக்கிய கதை ஏராளம். அப்படிப் போன அச்சு போனதுதான். அந்தக் காரில் மிச்சமிருப்பது அலுமாரிகளில் தூங்கும் பிரதிகள் மட்டும்.

அடுத்தது பழைய பெயின்ற். தின்னர், அசிட்டோன் இரண்டும் வேண்டாம். பெயின்றோடு காரின் உடலும் கரைந்துவிடும். பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் டொட் 3 பிரேக் ஒயில் ஒரு சின்னப் போத்தல் வாங்குங்கள். பழைய எனாமல் பெயின்றைப் பெரும்பாலும் அது கழற்றும், பொலிஸ்டைரீனைப் பொதுவாக ஒன்றும் செய்யாது. மூடியுள்ள டப்பாவில் ஓரிரு நாள் ஊறவிட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கையுறை கட்டாயம். மிஞ்சிய ஒயிலை வடிகானுக்குள் ஊற்றாமல் கராஜ் ஒன்றில் கொடுத்துவிடுங்கள். கோணலாக ஒட்டிய பாகத்தை நெம்பாதீர்கள். சில மணிநேரம் பிரிட்ஜின் ஐஸ் தட்டில் வைத்தால் பழைய பசை நொறுங்கி, பெரும்பாலும் தானாகவே விட்டுவிடும்.

கண்ணாடிக்கு சுப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி வெள்ளைப் பூஞ்சணம் போலப் படியும். பைண்டர் கம் (வெள்ளைப் பசை) போதும், காய்ந்தால் தெளிந்துவிடும்.

என் தொழிலில் பார்த்த ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல் அக்ரிலிக் தூளோடு கலக்கும் திரவமான மொனோமரை யாரோ சொன்னார்கள் என்று பசையாகக் கேட்டு வருகிறார்கள். நான் கொடுப்பதில்லை. அது பொலிஸ்டைரீனை அரிக்கும், விரலில் ஒவ்வாமை உண்டாக்கும், லேடெக்ஸ் கையுறையையும் சீக்கிரமே ஊடுருவும். பிரதி எடுத்த ரெசின் பாகங்களை உலர்வாக அராவுவதும் அப்படித்தான். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், என்95 மாஸ்க் போடுங்கள். ஏசி அறையைப் பூட்டிக்கொண்டு, பக்கத்தில் பிள்ளை படுத்திருக்க, ஸ்பிரே அடிக்கவே அடிக்காதீர்கள். பல்கனி இல்லாத பிளாட் என்றால் ஜன்னலைத் திறந்து, காற்றாடியை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள்.

இம்பாலாவின் கண்ணாடிக்கு மூன்று மாலைகள் பிடித்தன. முதலில் 1000 இலக்க ஈர உப்புத்தாள், பிறகு அதைவிட நைசான 2000, கடைசியில் பருத்தித் துணியும் பற்பசையும். மெஷினில் மினுக்கவில்லை; அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் இழுபட்டுவிடும், கையால்தான் செய்ய வேண்டும். தடம் முழுதாகப் போகவில்லை, சரித்துப் பார்த்தால் ஓர் ஓரத்தில் மெல்லிய நிழல் தெரியும். தம்பி அதைத் தடவிப் பார்த்து, "இது இருக்கட்டும் அண்ணை, அப்பா வச்ச இடம்தானே" என்றார். அன்றிரவே தொலைபேசியில் அழைத்தார். மேல்தட்டில் இன்னும் இரண்டு பெட்டிகள் இருந்தனவாம், டயர்களைப் பிரித்து வைத்துவிட்டாராம்.