பூச்சுக்கு முன் ஒரு நாள் கொடுங்கள்

வீட்டைப் புதுப்பிக்கும்போது சுவருக்குள் நெட்வொர்க் கேபிள் இழுக்க என்னை அழைப்பவர்கள் இரண்டு வகை. சுவரில் காடி வெட்டும்போதே அழைப்பவர்கள் சிலர். பெயின்ட் காய்ந்த பிறகு அழைப்பவர்களே அதிகம்.

இரண்டாம் வகை வீடு ஒன்றில், மாடி அறையில் மட்டும் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லை. உரிமையாளர் இரண்டு ரவுட்டர்களை மாற்றிப் பார்த்துவிட்டார். நெட்வொர்க் கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரை மாட்டியதும் பழுப்பு ஜோடி அறுந்திருப்பது தெரிந்தது. கேபிளில் இருப்பவை நான்கு ஜோடிக் கம்பிகள். ஒரு கிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். அதனால் ஒரு ஜோடி செத்தாலும் பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். யாருக்குச் சுவர் மேல் சந்தேகம் வரும்?

டெஸ்டர் காட்டிய தூரத்தை அளந்து உடைத்தால், உள்ளே டேப் சுற்றிய ஒரு ஒட்டு. கேபிள் நீளம் போதாமல் முறுக்கி இணைத்திருக்கிறார்கள். பைப்பும் இல்லை, கேபிள் மேலேயே சிமென்ட் பூசியிருந்தார்கள். ஒரு கம்பிக்காக அறை நீளத்துக்கும் சுவரை வெட்ட வேண்டியதாயிற்று.

ஆகவே, சுவருக்குள் பைப்பைப் புதையுங்கள், கேபிள் அதற்குள் போகட்டும். திருப்பங்களில் சட்டென்று திரும்பும் எல்போ வேண்டாம், வளைவு அகன்ற பெண்ட் போடுங்கள். கேபிளோடு ஒரு நைலான் கயிற்றையும் உள்ளே விட்டுவைத்தால் பின்னாளில் இன்னொன்றை இழுத்துக்கொள்ளலாம். சிக்கினால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். கேபிள் தாங்கும் இழுவிசை ஏறத்தாழ 11 கிலோ எடைக்குச் சமம், அவ்வளவுதான்.

"கரண்ட் பைப்பிலேயே விட்டுவிடலாமே" என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். கூடாது. மின்கம்பியின் இரைச்சல் நெட்வொர்க் சிக்னலில் கலப்பது இருக்கட்டும். மின்கம்பியின் உறை கிழிந்தால் மின்சாரம் நெட்வொர்க் கேபிளில் ஏறி உங்கள் கணினி வரை வரக்கூடும். தனிப் பைப், சற்றுத் தள்ளி. குறுக்கே கடந்தாக வேண்டுமென்றால் செங்கோணத்தில் கடக்கட்டும்.

எந்தக் கேபிள்? வீட்டுக்கு கேட் 6 (Cat 6) வகைக் கேபிள் போதும் என்பேன். 10 கிகாபிட்டே ஆனாலும் சுமார் 55 மீட்டர் வரை தாங்கும். வீட்டுக்குள் அவ்வளவு தூரம் எங்கே இருக்கிறது? அதைவிட முக்கியம் முழுச் செம்பா என்பது. கம்பி நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். எளிதில் முறியும், கேமராவுக்கு அதன் வழியே மின்சாரமும் அனுப்பினால் கூடுதலாகச் சூடாகும். விலை மலிவு என்று அதைச் சுவருக்குள் அனுப்பாதீர்கள்.

கேபிள் எல்லாம் இழுத்தாயிற்றா? கொத்தனாரை ஒரு நாள் காத்திருக்கச் சொல்லிவிட்டு, எட்டுக் கம்பிகளையும் டெஸ்டரில் பாருங்கள். சுவரில் அளவு டேப்பை விரித்துவைத்துப் படம் எடுங்கள்; பிறகு அலமாரிக்குத் துளை போடும்போது அந்தப் படம்தான் கை கொடுக்கும். எந்த அறைக்குப் போகிறது என்பதை இரு முனைகளிலும் எழுதுங்கள். ஒட்டுச் சீட்டு பூச்சு வேலையில் கழன்றுவிடும், கேபிளின் உறைமீதே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.