சாப்பாட்டு டப்பாவுக்கு மதிப்பெண் போடாதீர்கள்

ஊட்டச்சத்து ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளிகளுக்குப் போய் வகுப்பெடுப்பேன். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் ‘நல்ல உணவு’, வலப்பக்கம் ‘கெட்ட உணவு’ என்று எழுதுவேன். பிள்ளைகள் ஒவ்வொரு உணவாகக் கத்திச் சொல்ல, நான் பிரித்து எழுதிக்கொண்டே போவேன். வகுப்பு கலகலப்பாக இருக்கும், ஆசிரியர்களுக்கும் பிடிக்கும். அப்படி ஒரு மூன்றாம் வகுப்பில் எழுதி முடித்த அன்று, மதிய இடைவேளையில் ஒரு சிறுமி டப்பா மூடியைப் பாதி மட்டும் திறந்து, கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டாள். உள்ளே இருந்தது நான் வலப்பக்கம் எழுதியிருந்த கிரீம் பிஸ்கட். இரண்டு கடித்துவிட்டு மூடி வைத்துவிட்டாள்.

அந்த டப்பாவைக் கட்டியது அவளில்லை. காலையில் வேலைக்கு ஓடுகிற யாரோ, கைக்குக் கிடைத்ததைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என் மதிப்பெண் போய் விழுந்ததோ எட்டு வயதுக் குழந்தையின் தலையில். அன்றோடு அந்தக் கோட்டை விட்டுவிட்டேன். இப்போது இதில் சுற்றுச்சூழலும் சேர்ந்துவிட்டது. ‘இது உடம்புக்குக் கெடுதல்’ என்று சொன்னது போதாமல் ‘பூமிக்கும் கெடுதல்’ என்கிறோம். கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கும் அதிகாரம் இல்லாத ஒருவரிடம் இரண்டு குற்றச்சாட்டுகள்!

இப்போதெல்லாம் ஒரு வாளியும் ஒரு தராசும் இருந்தால்தான் என் வகுப்பு தொடங்கும். ஒரு வாரத்துக்கு, மதியச் சாப்பாட்டில் மிச்சமானதை எல்லோரும் ஒரே வாளியில் கொட்ட வேண்டும். யார் எவ்வளவு கொட்டினார்கள் என்று யாரும் பார்க்கக் கூடாது, எழுதவும் கூடாது. மொத்த எடையை மட்டும் பிள்ளைகளே நிறுத்து, சுவரில் ஒட்டிய தாளில் குறிப்பார்கள். வாரக் கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். வாளியில் அதிகம் விழுவது பெரும்பாலும் காய்கறியும் பழமும்தான். பெரியவர்கள் உடனே ‘பிள்ளைகளுக்குக் காய் பிடிக்காது’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளைக் கேட்டால் வேறு கதை வரும்.

ஒரு கடி கடித்த முழு ஆப்பிள்கள் வாளியில் கிடப்பதைப் பார்த்து, “ஏன் பிடிக்கலையா?” என்று இரண்டாம் வகுப்பில் கேட்டேன். ஒரு பையன் வாயைத் திறந்து காட்டினான். முன்னால் இரண்டு பல்லும் இல்லை! ஆறு, ஏழு வயதில் முன்பல் விழும் என்பது எனக்குத் தெரியாததா என்ன? ஆனால் ஆப்பிளோடு சேர்த்து யோசித்ததே இல்லை. துண்டு போட்டுக் கொடுத்தால் அதே ஆப்பிள் உள்ளே போகிறது. (நறுக்கியதும் கறுக்கிறது என்பவர்கள் எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் தடவிவிடுங்கள்.) இன்னும் அடிக்கடி வரும் பதில், “விளையாடப் போகணும்.” சாப்பிட்டால்தான் விளையாட்டு என்றால் குழந்தை எதைத் தியாகம் செய்யும்? நிறைய மெல்ல வேண்டியதைத்தான். விளையாட்டு இடைவேளையைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றிய பள்ளிகளில் வாளியின் எடை குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்ய நேர அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

2022-ல் மட்டும் உலகில் கடை, உணவகம், வீடுகளில் வீணான உணவு சுமார் 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. 105 கோடி டன் என்றால் குழந்தைக்கு என்ன புரியும்? தன் கையால் தூக்கிப் பார்த்த நாலு கிலோ வாளி புரியும். அதைக் குப்பைமேட்டில் புதைத்தால் காற்றில்லாமல் அழுகி, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவாகும் என்று சொன்னால் கவனமாகக் கேட்கும்.

ஆனால் இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. வீணாக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்த அடுத்த வாரமே சில ஆசிரியர்கள் ‘தட்டைக் காலி செய்தால்தான் எழுந்திருக்கலாம்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்று உடம்பு சொல்வதைக் கேட்கக் குழந்தைக்கு இயல்பாகவே தெரியும். அந்தத் திறமையைத்தான் இது மழுங்கடிக்கிறது. எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு என்று எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் பிரித்து வைத்தார். எனக்கு இன்றுவரை உதவுகிற கணக்கு அது. நான் சொல்வது இவ்வளவுதான்: முதலில் கொஞ்சமாக எடு, வேண்டுமென்றால் மறுபடி எடு.

புதுக் காயை அறிமுகப்படுத்தவும் பொறுமை வேண்டும். பத்துமுறைக்கு மேல் சுவைத்த பிறகே ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. நாம் மூன்றாவது முறையிலேயே கைகழுவி விடுகிறோம். விரல்நுனி அளவுத் துண்டு போதும், பிடிக்காவிட்டால் காகிதத்தில் துப்பிக்கொள்ளலாம். ‘சத்தானது’ என்ற சொல் என் சுவை வகுப்பில் தடை. கடித்தால் என்ன சத்தம் வருகிறது, எந்த வாசனையை நினைவுபடுத்துகிறது என்று மட்டும் கேட்பேன். சாப்பிட்டவர்களுக்கு மிட்டாய் கொடுக்காதீர்கள். கொடுத்தால் காய் தண்டனை, மிட்டாய்தான் பரிசு என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி. அப்புறம், எந்தச் சுவை வகுப்புக்கும் முன்னால் ஒவ்வாமை பற்றி வீட்டிலிருந்து எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். இதில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது.

சர்க்கரைக்கு ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். 330 மில்லி கோலா பானத்தில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்துப் பிள்ளைகளை அளந்து போடச் சொன்னால், ஒன்பதாவது கரண்டியில் வகுப்பே சேர்ந்து எண்ணும். ஒருமுறை ஒரு மாணவி, “பழத்திலும் சர்க்கரை இருக்கே?” என்று மடக்கினாள். நல்ல கேள்வி. உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வரம்பு, அதாவது ஒரு நாள் ஆற்றலில் 10 சதவீதத்துக்கும் கீழே, முடிந்தால் 5 சதவீதத்துக்கும் கீழே என்பது, சேர்க்கப்பட்ட சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றுக்கு. முழுப் பழமும் பாலும் அதில் வராது. பழச்சாறு வரும் என்பது பல பெற்றோருக்கே அதிர்ச்சி.

சுற்றுச்சூழல் பாடத்தில் எல்லோரும் சொல்வது ‘தூரத்திலிருந்து வந்த உணவு கெடுதல்’ என்பது. முழுக்கத் தப்பில்லை, ஆனால் முதல் பாடம் அதுவல்ல. 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளை அலசி 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வைப் பார்த்தால், பெரும்பாலான உணவுகளின் பசுங்குடில் வாயுக் கணக்கில் (பூமியைச் சூடாக்கும் வாயுக்கள்) போக்குவரத்தின் பங்கு 10 சதவீதத்துக்கும் குறைவு. விமானத்தில் வருவது விதிவிலக்கு. எவ்வளவு தூரம் என்பதைவிட எந்த உணவு என்பதே பெரிய விஷயம். ஒரே அளவு புரதத்துக்கு மாட்டிறைச்சியின் சுமை பட்டாணியைப் போலப் பல மடங்கு. மாடு அசைபோடும்போது வயிற்றில் உண்டாகும் மீத்தேன் பெரும்பாலும் ஏப்பமாகத்தான் வெளியே வருகிறது, பிள்ளைகள் நினைக்கிற வழியில் இல்லை. இதைச் சொன்னால் ஐந்து நிமிடத்துக்கு வகுப்பைக் கட்டுப்படுத்த முடியாது, பரவாயில்லை. ஆனால் இதை வைத்து எந்தக் குழந்தையின் வீட்டுச் சமையலையும் குறை சொல்லக் கூடாது. வளரும் வயதில் இரும்புச்சத்தும் வைட்டமின் பி12-ம் வேண்டும். இறைச்சியும் பாலும் முட்டையும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு பி12 எங்கிருந்து வரும் என்பதையும் நாம்தான் யோசிக்க வேண்டும்.

பதின்ம வயதினரிடம் இதெல்லாம் பலிக்காது. அவர்களிடம் எடை, கலோரி பற்றி நான் பேசுவதே இல்லை. சாப்பாட்டைக் கண்டு பயப்படும் பிள்ளைகளை என் அறையில் நிறையப் பார்த்துவிட்டேன். ஏமாற்றப்படுவதுதான் அவர்களுக்குப் பிடிக்காது. உணவு நிறுவனங்களின் விளம்பரத் தந்திரங்களை எதிர்ப்பதாக விஷயத்தைச் சொன்னால் எட்டாம் வகுப்பு மாணவர்களின் தேர்வு மாறுகிறது என்று 2016-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு காட்டியது. நானும் பாக்கெட்டுகளைக் கொடுத்து, முன்பக்கம் சொல்வதையும் பின்பக்கம் சொல்வதையும் ஒப்பிடச் சொல்கிறேன். மூலப்பொருள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று மாறுவேடத்தில் இருக்கும் சர்க்கரையை அவர்களே பிடித்துவிடுவார்கள்.

அப்படி ஒரு வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “அப்போ நம்ம கேண்டீன்ல ஏன் இதை விக்கிறாங்க?” என்று கேட்டான். பின்வரிசையில் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் ஜன்னலைப் பார்த்தார். இரண்டு மாதம் கழித்து அங்கே போனபோது குளிர்பானப் பெட்டி அதே இடத்தில்தான் இருந்தது. கண்ணாடிக் கதவில் மார்க்கரால் ஒன்பது கரண்டிகள் வரைந்திருந்தன. அழிக்கக் கூடாதா என்று கேண்டீன்காரரிடம் கேட்டேன்.

“மூணு தடவை அழிச்சாச்சு” என்றார்.