கீழ்ப்படிதல்: படிவதா, கேட்பதா?

வேதாகமத்தில் அடிக்கடி வரும் 'கீழ்ப்படிதல்' என்ற சொல்லைப் பார்ப்போம். முதலில் எழுத்து. கீழ், படிதல் இரண்டும் சேரும்போது நடுவில் 'ப்' மிகும். 'கீழ்படிதல்' என்பது பிழை. ஆலயத் திரையில் ஓடும் பாடல் வரிகளில்கூட இந்த ஒற்று அடிக்கடி காணாமல் போகிறது.

'படிதல்' என்றால் தாழ்ந்து அமைதல். கலங்கிய தண்ணீரில் மண் அடியில் படிகிறது. எண்ணெய் வைத்துச் சீவினால் முடி படிகிறது. முரண்டு பிடிக்காமல் அமைந்துவிடுவதே கீழ்ப்படிவது. 'விசுவாசம்' வடமொழியிலிருந்து வந்தது, கீழ்ப்படிதலோ தமிழ்ச்சொல். குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்றுதான்: இது ஆள் எங்கே இருக்கிறான், அதாவது கீழே, என்பதைத்தான் காட்டுகிறது. வேதாகமத்தின் மூலச் சொற்களோ காதில் தொடங்குகின்றன.

எபிரேயத்தில் 'ஷாமா' என்ற ஒரே வினை கேட்பதையும் கீழ்ப்படிவதையும் குறிக்கும். "இஸ்ரவேலே, கேள்" (உபாகமம் 6:4) என்பது அந்தச் சொல்தான். கிரேக்கத்தில் 'ஹுபகுவோ': 'ஹுபோ' கீழ், 'அகுவோ' கேட்பது. அப்போஸ்தலர் 12:13இல் பேதுரு கதவைத் தட்டுகிறார். யாரென்று பார்க்க ரோதை என்ற பெண் வருகிறாள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "ஒற்றுக்கேட்க வந்தாள்" என்கிறது. மூலத்தில் அங்கேயும் ஹுபகுவோதான்! தட்டும் சத்தத்துக்குக் காதுகொடுத்து எழுந்துபோவது. சொல்லின் முழுப்பொருளும் அந்த வாசற்படியில் இருக்கிறது.

1 சாமுவேல் 15ஐ இந்தக் காதோடு படித்தால் அதிகாரமே வேறாக ஒலிக்கும். கர்த்தருடைய வார்த்தையைக் கேளும் என்று தீர்க்கதரிசி சாமுவேல் ராஜாவாகிய சவுலிடம் தொடங்குகிறார். அமலேக்கியரையும் அவர்களுக்குரிய எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்பது கட்டளை. சவுல் அவர்கள் ராஜாவான ஆகாகையும் நல்ல ஆடுமாடுகளையும் தப்பவிட்டுவிட்டு, கட்டளையை நிறைவேற்றினேன் என்கிறான். அப்படியானால் என் காதில் விழும் ஆடுகளின் சத்தம் என்ன என்று கேட்கிறார் சாமுவேல். பலிக்காகக் கொண்டுவந்தோம் என்பது பதில். பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம் என்ற வசனம் (15:22) இதற்குப் பின்தான் வருகிறது. கடைசியில் சவுலே ஒத்துக்கொள்கிறான்: ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் (15:24). அங்கேயும் ஷாமா. கேட்காமல் இருந்ததல்ல அவன் தவறு. வேறு ஆள் சொல்லைக் கேட்டது.

தமிழ் வாசகர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எபேசியர் 5:21இல் "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறோம். 6:1இல் பிள்ளைகளையும் பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்கிறோம். மூலத்தில் இவை வெவ்வேறு சொற்கள். பின்னது ஹுபகுவோ. முன்னது 'ஹுபொதாஸ்ஸோ', ஒழுங்கில் தன்னைக் கீழே வைத்துக்கொள்வது. இரண்டையும் ஒன்றாக்கி, மனைவிகளைப் பற்றிய அடுத்த வசனத்தை (5:22) வைத்துக் கணவன் ஏவ மனைவி செய்ய வேண்டும் என்று பிரசங்கம் செய்வது தமிழ்ச் சொல்லை மட்டும் பார்ப்பதால் வரும் கோளாறு.

சரியான தமிழ் எது? 'செவிசாய்த்தல்' பொருந்தாது, ஜெபத்துக்குக் கடவுளே செவிசாய்க்கிறார், அவர் நமக்குக் கீழ்ப்படிவதில்லை. 'பணிவு' குணம், செயலல்ல. நம் வீட்டு வழக்கிலேயே விடை இருக்கிறது. "இவன் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை" என்று தாய் அலுத்துக்கொண்டால், பையனுக்குக் காது மந்தம் என்று யாரும் வைத்தியரிடம் அழைத்துப் போவதில்லை. ஷாமாவுக்கும் ஹுபகுவோவுக்கும் நெருங்கிய தமிழ் 'சொல் கேட்டு நடத்தல்'. கீழ்ப்படிதல் என்றே எழுதலாம், 'ப்' விடாமல். விளக்கும்போது இதைச் சொல்லுங்கள்.